தலாக்கிற்குப் பின் தனி வீடு: பெண்ணின் பாதுகாப்பும் நமது பொறுப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

தலாக் சொல்லப்பட்டு, ஷரீஅத் நீதிமன்றத்தில் பதிவும் ஆகிவிட்டால் விவகாரம் முடிந்துவிட்டது என்றே நம்மில் பலர் கருதுகின்றோம். மஹர் பாக்கி தீர்ந்ததா, இத்தாக் காலச் செலவு கொடுக்கப்பட்டதா, பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்ததும், பேச வந்த பெரியவர்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கின்றனர். ஆனால் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அன்றிரவு அந்தப் பெண் எந்த வீட்டில் உறங்குவாள்? அவ்வீட்டின் சாவி யார் யாரிடம் இருக்கின்றது? இக்கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே. அதனையே இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம்.

முன்னாளில் இக்கேள்வி அவ்வளவாக எழவில்லை. கடையநல்லூரிலோ, முத்துப்பேட்டையிலோ, நாகூரிலோ வாப்பா வீடு இருந்தது. தலாக் ஆன பெண் அங்குப் போய்ச் சேர்ந்தாள். இன்று நம் பெண்மக்கள் இந்த மலேசிய மண்ணிலேயே பிறந்து, படித்து, உத்தியோகம் பார்ப்பவர்கள். பெற்றோர் மறைந்திருக்கலாம், உடன்பிறந்தார் அடுக்குமாடியில் இரண்டு அறைக்குள் நெருங்கி வாழலாம். ஆகவே ஒருத்தி தனித்தோ, சிறு பிள்ளைகளுடனோ தனி வீட்டில் வாழ்வது இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. அதை இழுக்கென்று சொல்வதால் அவளுடைய கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் கூடிவிடப் போவதில்லை.

எல்லாத் தலாக்கும் பகையில் முடிவதன்று. கண்ணியமாகப் பிரிந்து, பிள்ளைகளின் பொருட்டு நல்ல முறையில் நடந்துகொள்வோர் நம்மிடையே பலர் உளர். ஆயினும் அடியும் அச்சமும் நிறைந்திருந்த மணவாழ்வில், மனைவி பிரிந்து செல்லும் வேளையும் பிரிந்தபின் வரும் மாதங்களுமே ஆபத்து மிகுந்தவை. குடும்ப வன்முறையை ஆராய்ந்தோர் பல நாடுகளிலும் கண்ட உண்மை இது. ‘பிரிந்தாயிற்று, இனி என்ன பயம்?’ என்று நாம் சொல்லும் அதே நேரத்தில்தான் பயத்திற்குக் காரணம் மிகுதியாக இருக்கின்றது.

பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி

தலாக்கிற்குப் பின் பெண் குடியிருக்கும் வீட்டைப் பற்றித் திருமறை வாளாவிருக்கவில்லை. 65ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துத் தலாக்கின் முதல் வசனம், இத்தாவில் இருக்கும் பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாதெனத் தடுக்கின்றது. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அவர்களை நெருக்கடிக்கு உள்ளாக்கும் பொருட்டுத் துன்புறுத்தலாகாது என்கின்றது. கவனியுங்கள்: மனைவியாக இருந்தவளுக்கு உறைவிடம் கொடுப்பதோடு கடமை முடியவில்லை. அந்த உறைவிடத்தில் அவளுக்குத் துன்பம் நேராதிருப்பதும் கடமையின் பகுதியே.

இனி ஹதீஸைப் பார்ப்போம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் மூன்று தலாக்கும் சொல்லப்பெற்றவர். தாம் இருக்கும் இடத்தில் எவரேனும் அத்துமீறி நுழைந்துவிடக் கூடுமென அஞ்சுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை வேறிடம் பெயரச் செய்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவருடைய வீடு ஆளரவமற்ற இடத்தில் இருந்ததையும், அதனாலேயே இந்த அனுமதி கிடைத்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியது ஸஹீஹ் புகாரியில் காணப்படுகின்றது. இந்த அம்மையாருக்கு நபகா உண்டா இல்லையா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதனையன்று. அவருடைய அச்சம் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதனையே.

இதில் நமக்குப் படிப்பினைகள் மூன்று.

முதலாவது, அச்சமே போதிய காரணமாகக் கொள்ளப்பட்டது. திருடன் வந்தபின் வா என்றோ, சாட்சி கொண்டு வா என்றோ அவரிடம் சொல்லப்படவில்லை.

இரண்டாவது, பொறுமையாக இரு என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. இத்தா வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தும், உயிருக்கும் மானத்திற்கும் காப்பு முதலிடம் பெற்றது.

மூன்றாவது, போகும் இடமும் ஆராய்ந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. உம்மு ஷரீக் (ரலி) அவர்களின் இல்லம் முதலில் சொல்லப்பட்டது. அங்கு வந்து போவோர் பலர் என்பதால், கண்பார்வையற்றவராகிய இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் இல்லம் பின்னர் முடிவாயிற்று. ஆகவே ஒரு பெண்ணுக்கு வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்ப்பது போதாது. அங்கு யார் வருவர், யார் போவர் என்று பார்ப்பதும் நபிவழியே.

‘தலாக் ஆன பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தால் போதும்’ என்போருக்கும் விடை உண்டு. ஜாபிர் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரி தலாக் பெற்று இத்தாவில் இருந்தபோது, தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் அவரைக் கண்டித்துத் தடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ போய்ப் பறிக்குமாறு அனுமதித்தார்கள். அதிலிருந்து அவர் தர்மமும் செய்யக்கூடும் என்றார்கள். பிழைப்பை அறுத்துவிட்டுக் கொடுக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பாகாது.

வீட்டுரிமையும் காகிதமும்

வாய்ப்பேச்சை நம்பிச் சரக்கு அனுப்பும் வியாபாரியின் கதி நமக்குத் தெரியும். தலாக் ஆன பெண்ணுக்கும் முதற்காப்பு காகிதமே.

1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் (கூட்டரசுப் பிரதேசங்கள்) இதற்கு வழி செய்துள்ளது. அதன் 71ஆம் பிரிவின்படி, தகுந்த வேறு இருப்பிடம் முன்னாள் கணவர் ஏற்பாடு செய்து தராத வரையில், மணவாழ்வில் குடியிருந்த வீட்டிலேயே அவள் தங்கும் உரிமை உடையவள். இத்தா முடிதல், பிள்ளைகளைப் பராமரிக்கும் காலம் முடிதல், மறுமணம் போன்ற காரணங்களால் அவ்வுரிமை நீங்கும். 65ஆம் பிரிவு இத்தாக் காலச் செலவையும், 56ஆம் பிரிவு தக்க காரணமின்றித் தலாக் செய்யப்பட்டவளுக்குரிய முத்ஆவையும் கூறுகின்றன. மற்ற மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றியுள்ளமையால், அந்தந்த மாநில ஷரீஅத் நீதிமன்றத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டரசுப் பிரதேசச் சட்டப்படி, நீதிமன்றத்திற்கு வெளியே சொல்லப்பட்ட தலாக்கை 7 நாட்களுக்குள் நீதிமன்றத்திற்கு அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி அவ்வாறு சொல்வது குற்றமும் ஆகும். பதிவில்லாத தலாக்கில் பெண் நடுவழியில் நிற்கின்றாள். ‘நீ இன்னும் என் மனைவியே’ என்று சொல்லி ஒருவன் நள்ளிரவில் கதவைத் தட்டினால், இல்லை என்று காட்ட அவளிடம் ஒரு சீட்டும் இராது.

ஆகவே மணவிலக்குச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, நகல் ஒன்றை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைத்தல் நலம். மின்சாரமும் தண்ணீரும் யார் பெயரில் உள்ளன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னாள் கணவர் பெயரில் இருக்கும் கணக்கு, அவர் விரும்பும் நாளில் மூடப்படக்கூடும். வழக்குச் செலவுக்கு வசதியற்றோர் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை நாடலாம்; ஷரீஅத் குடும்ப வழக்குகளுக்கும் அங்கு உதவி கிடைக்கின்றது.

பூட்டும் சாவியும்

கூட்டு வியாபாரம் பிரிந்த மறுநாள், கிட்டங்கியின் பூட்டை மாற்றாத வியாபாரி உண்டோ? கூட்டாளி நல்லவரே ஆயினும் மாற்றுகின்றோம். அவரும் அதைத் தவறாக எண்ணுவதில்லை. ஒரு வீட்டின் கணக்குத் தீர்ந்தபோதும் அவ்விதமே செய்தல் வேண்டும். வீடு அவள் பொறுப்பில் வந்துவிட்டதாயின் வாசற்பூட்டு, கம்பிக் கதவின் பூட்டு இரண்டையும் மாற்றுக. வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுக.

கம்பிக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. திருடனுக்கு அஞ்சி இரவில் உட்புறம் பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ வைத்துவிடுகின்றோம். தீப்பற்றினால் அதே கம்பி உள்ளிருப்போரைச் சிறைப்படுத்தும். சாவி எப்போதும் கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கை எட்டாத ஓரிடத்தில் தொங்க வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அவ்விடம் தெரிந்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் சாவிகள் இரும்பினால் மட்டும் செய்யப்படுவதில்லை. கைப்பேசியின் மறைச்சொல்லும் ஒரு சாவி. வீட்டுக் கண்காணிப்புக் கேமரா முன்னாள் கணவரின் கைப்பேசியில் இன்னும் தெரிகின்றதா? மின்னஞ்சலை மீட்க அவருடைய எண் கொடுக்கப்பட்டுள்ளதா? இருக்குமிடம் காட்டும் வசதி குடும்பக் கணக்கின் வழியாக அவருக்குச் செல்கின்றதா? வங்கியின் ஒப்புதல் எண் யார் கைப்பேசிக்கு வருகின்றது? பிள்ளைகளின் கைப்பேசிகளையும் சேர்த்து இவையனைத்தையும் ஒரே நாளில் உட்கார்ந்து மாற்றிவிட வேண்டும். கைப்பேசி அறியாத பெண்ணாயின், அறிந்த சகோதரி ஒருத்தி உடனிருந்து செய்து கொடுப்பது பெரிய உதவியாகும்.

வாசலில் நிற்பவர் யார்?

பிள்ளைகளைக் காணத் தகப்பனுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்கும் தகப்பனின் அன்பு தேவை. ஆயினும் அந்தச் சந்திப்பு அவள் வீட்டுக்குள் நிகழ வேண்டுமென்பதில்லை. இத்தா முடிந்துவிட்டால், அல்லது மீட்டுக்கொள்ள முடியாத தலாக் ஆகிவிட்டால், அவர் அவளுக்கு அந்நிய ஆடவரே. தனியே உள்ளே வர மார்க்கம் இடங்கொடாது. ஆகவே கதவருகில் நின்று, ‘உள்ளே வரவேண்டாம்’ என்று அவள் சொல்வது மரியாதைக் குறைவன்று. பிள்ளைகளை ஒப்படைக்கவும் பெற்றுக்கொள்ளவும் உறவினர் வீடு, பள்ளிவாசல் அலுவலகம், மக்கள் நடமாடும் கடை போன்ற இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வது இரு சாராருக்கும் நலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அழைத்துச் செல்ல உரிமையுடையவர் யார் என்பதை எழுத்தில் கொடுத்து வைக்கலாம்.

உதவி செய்யப் போகும் நம் சகோதரர்களும் இதைக் கருத வேண்டும். விளக்கு மாட்டவோ, குழாய் பழுது பார்க்கவோ போவதாயின் மனைவியையோ சகோதரியையோ உடன் அழைத்துச் செல்க. கல்வத் என்ற பழி வந்தால் அதன் சுமை பெரும்பாலும் அவள் தலையிலேயே விழுகின்றது.

வேறு இரு வகையினரும் வாசலுக்கு வருவர். ஒருவகையினர், முன்னாள் கணவரின் கடனுக்காக வரும் வட்டி முதலைகளின் ஆட்கள். அவள் கையெழுத்திடாத கடனுக்கு அவள் பொறுப்பல்லள். பணம் கொடுத்து அனுப்பினால் மீண்டும் வருவர். கதவைத் திறவாமல் போலீசில் புகார் செய்வதே வழி. நம் வியாபாரிகள் மனைவி பெயரில் ஜாமீன் கையெழுத்து வாங்கியிருந்தால், பிரியும்போது அதையும் கணக்கில் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும். அதை மறைத்துவிட்டுப் பிரிவது அநீதியாகும்.

மற்றொரு வகையினர், கைப்பேசியின் வழியே மறுமண ஆசை காட்டி வந்து, சில நாட்களில் பணம் கேட்பவர்கள். மறுமணம் நல்லதே. ஆனால் நேரில் வராதவனுக்கும், குடும்பத்தாரைச் சந்திக்க மறுப்பவனுக்கும் ஒரு ரிங்கிட்டும் அனுப்பலாகாது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைவே பணத்தை நிறுத்தும்.

தொல்லை வந்தால்

மிரட்டல் செய்திகளை அழித்துவிடுவது பலரின் வழக்கம். அழித்தல் ஆகாது. நம் கடைகளில் நாட்குறிப்பு எழுதுவதுபோல, தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு நாளின் வரி சிறிதாகத் தோன்றலாம். ஒரு மாதத்தின் ஏடு நீதிமன்றத்தில் பேசும்.

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் உரியது. முன்னாள் மனைவியும் அதன் காப்புக்குள் அடங்குகின்றாள். அடிப்பது மட்டுமே வன்முறை என்று அச்சட்டம் சொல்லவில்லை. மிரட்டி அச்சத்தில் வைத்திருப்பதும், உடைமைகளை அழிப்பதும் அதில் சேரும். 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்பது வந்தது. சமூகநல இலாகாவின் அதிகாரி வழங்கும் இவ்வுத்தரவு 7 நாட்கள் செல்லும்; இதற்குப் போலீஸ் புகார் முன்னரே இருக்க வேண்டுமென்பதில்லை. போலீசில் புகார் செய்தால், விசாரணைக் காலத்திற்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் பெறலாம். மேலும் 2023இல் குற்றவியல் சட்டத்தில் 507A பிரிவு சேர்க்கப்பட்டு, ஒருவரை அச்சுறுத்தும் வகையில் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டுள்ளது.

உயிருக்கு ஆபத்தாயின் 999. ஆலோசனைக்கும் தங்குமிடத்திற்கும் சமூகநல இலாகாவின் தாலியான் காசே, எண் 15999. இரவும் பகலும் இயங்குகின்றது. காயம் ஏற்பட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்க. அங்கு இத்தகையோருக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. மருத்துவ அறிக்கையும் பின்னர் சாட்சியாகும். இவ்வெண்களை உம்மாவின் கைப்பேசியில் மட்டுமின்றிப் பிள்ளைகளின் மனத்திலும் பதிய வைக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அண்டை வீட்டார் ஒருவரேனும் நிலைமையை அறிந்திருக்க வேண்டும். இனம், மதம் பார்க்க வேண்டியதில்லை. சீன அண்டை வீட்டு அம்மையாரோ, மலாய் மக்சிக்கோ, சத்தம் கேட்டவுடன் போலீசை அழைப்பார் என்ற ஒப்பந்தம் இருந்தால், அது நூறு மைல் தொலைவிலுள்ள நெருங்கிய உறவைவிட அந்நேரத்தில் பயன் தரும். தினமும் ஒரு குறித்த நேரத்தில் ஒரு சகோதரிக்குச் செய்தி அனுப்புவது என்று வைத்துக்கொண்டால், செய்தி வராத நாளில் ஒருவர் தேடி வருவார்.

கடையில் சிந்தும் சொல்

இதுவரை அவள் செய்ய வேண்டியவற்றைச் சொன்னோம். இனி நாம் செய்ய வேண்டியது யாது?

நம் கடைகளுக்கு ஊரே வருகின்றது. யார் எங்கே குடிபோனார், எந்த நேரத்தில் வேலை முடிந்து வருவார், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றனர் என்பதெல்லாம் கல்லாப்பெட்டிக்கு எதிரில் தாமாகவே பேசப்படுகின்றன. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் சிப்பந்திக்கு முகவரி தெரியும். பற்றுவரவு ஏட்டில் கைப்பேசி எண் இருக்கும். முன்னாள் கணவரும் நமக்கு வாடிக்கையாளர். சில வேளை நம் நண்பர். அவர் தேநீர் அருந்திக்கொண்டே, ‘இப்போது எங்கே இருக்கிறாள்?’ என்று ஒரு வார்த்தை கேட்கின்றார். நாமும் கெட்ட எண்ணமின்றிச் சொல்லிவிடுகின்றோம். அவள் மாற்றிய பூட்டுகள் அனைத்தையும் அந்த ஒரு சொல் திறந்துவிடக்கூடும்.

ஒருவர் நம்மிடம் வைத்த பணத்தை மற்றொருவர் கேட்டார் என்பதற்காக எடுத்துக் கொடுப்போமா? முகவரியும் அமானிதமே. பிள்ளைகளைப் பற்றிய பேச்சாயின் நீதிமன்றமும் இருவர் வீட்டுப் பெரியவர்களும் இருக்கின்றனர். ‘அவர்கள் வழியாகக் கேளுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். கடைச் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

சமரசம் பேசப் போகும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்வோம். சமரசம் நன்று, ஆனால் அடி வாங்கிய பெண்ணை, அவள் அச்சத்தைக் கேட்காமலேயே, ‘பொறுத்துப் போ’ என்று அதே வீட்டுக்கு அனுப்புவது சமரசமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 231ஆம் வசனம், துன்புறுத்தும் நோக்கத்தோடு மனைவியைத் தடுத்து வைப்பதை அத்துமீறல் என்றே கூறுகின்றது. அவளைத் தனியே சந்தித்துப் பேச நம் பெண்களுள் மூத்தவர் இருவரை ஏற்பாடு செய்யாமல் எந்தச் சபையும் முடிவு சொல்லலாகாது.

வேலை கொடுக்க வல்லோர், இருட்டுமுன் வீடு திரும்பும் நேரத்தில் வேலை கொடுக்கலாம். சம்பளத்தை அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே செலுத்தலாம். கடைமேல் வீட்டை வாடகைக்கு விடுவோர், ‘புருஷன் இல்லாதவளுக்கு வீடில்லை’ என்று திருப்பி அனுப்பாதிருக்கலாம். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை.

பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் அஞ்சுகின்றேன் என்றபோது, அவருக்கு வேறு வீடு கிடைத்தது. நம் சமூகத்தில் ஒரு பெண் அஞ்சுகின்றேன் என்றால் அவளுக்குக் கிடைப்பது யாது? இக்கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் நம் கடையிலும் வீட்டிலும் விடை காண வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் உறவில் தனித்து வாழும் தலாக் ஆன பெண் உண்டா? அவளுடைய வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது?

2. அவளிடமிருந்து இரண்டு நாள் செய்தி இல்லையென்றால், தேடிச் செல்பவர் யார் என்பது முடிவு செய்யப்பட்டுள்ளதா?

3. உங்கள் கடையில் வாடிக்கையாளரின் முகவரியைப் பிறர் கேட்டால், சிப்பந்தி என்ன சொல்ல வேண்டுமெனக் கூறியிருக்கின்றீர்களா?

4. இத்தாவில் வெளியே செல்வதற்கும் வீடு மாறுவதற்கும் உள்ள விதிகளை உங்கள் மத்ஹபின்படி ஆலிம் ஒருவரிடம் கேட்டறிந்து, வீட்டுப் பெண்களுக்கும் எடுத்துச் சொல்வீர்களா?

வல்ல நாயன் நம் பெண்மக்கள் அனைவரின் வீடுகளையும் அமைதி நிறைந்தவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.